நாற்பது கடைவாய்ப் பற்களும் ஒரு கம்பெனிக்காரனும்

அந்தக் கிளினிக்கின் படிக்கட்டில் மொத்தம் பதினேழு படிகள். பதினேழிலும் பற்கள் உருண்டுகொண்டிருந்தன...

வெளியே மழை வெளுத்து வாங்கியது. மழைக்குப் பயந்து, தலையைக் குனிந்தபடி மேலே ஓடி வந்தவன் அவன். பிளாஸ்டிக் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கியவள் அவள். மேல்படியிலேயே மோதல்! மூடி ஒரு பக்கம், மருந்துத் தண்ணீர் ஒரு பக்கம், பிடுங்கிய கடைவாய்ப் பற்கள் நாற்பதும் நாற்பது பக்கம்.

"ஐயோ... என் பல்லு!"

அவன் பதறிப்போய் அவள் வாயைப் பார்த்தான். அங்கே எல்லாம் அதனதன் இடத்தில், வரிசை குலையாமல் இருந்தன.

"உங்க பல்லு நல்லாத்தானேங்க இருக்கு..."

"அது இல்ல சார்! கீழே பாருங்க! அசையாதீங்க! ஒரு வேர் உடைஞ்சாலும் உங்களைச் சும்மா விடமாட்டேன்!"

தூக்கிய காலைக் கீழே வைக்கப் பயந்து கொக்கு மாதிரி நின்றான். பிறகு மெதுவாகக் குனிந்து, ஒரு பல்லை எடுக்கக் கையை நீட்டினான்.

"கையுறை போடாம தொடாதீங்க!"

தோள்பையைத் திறந்தான். உள்ளேயிருந்து இரண்டு ஜோடி கையுறைகள் வந்தன.

"உங்களுக்கு எந்த சைஸுங்க?"

"ஆறரை..."

"இந்தாங்க."

அப்போதுதான் அவனை அவள் ஒழுங்காகப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய முடி. இமைகளில் நான்கைந்து மழைத்துளிகள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தவிக்கும் கண்கள்... யார் இவன்? பையில் கையுறையோடு படியேறுகிறவன்?

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு படியாக. அது அவள் முறை. அவன் மறுபேச்சில்லாமல் அந்த முறைப்படியே செய்தான். கடைசியில் எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்பது.

"ஒன்னு குறையுது!"

"முப்பத்தொன்பது போதாதா?"

"போதாது! ஒரு பக்கம் இருபது, ஒரு பக்கம் பத்தொன்பதுன்னு கொண்டு போனா புள்ளிவிவர சார் என்னைக் கடிச்சே தின்னுடுவார்."

"அவர்கிட்ட முப்பத்திரண்டுதான் இருக்கும். உங்ககிட்ட முப்பத்தொன்பது இருக்கு. தைரியமா போங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை... சிரித்துவிட்டாள்.

நாற்பதாவது பல், மழைக்காக அவன் சுருட்டிவிட்டிருந்த பேன்ட் மடிப்புக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், "வேர் நல்ல வளைவு. முப்பது டிகிரி இருக்குமா?" என்றான்.

"முப்பத்திரண்டு." சட்டென்று நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஈரமான பாக்கெட்டிலிருந்து ஈரமான அட்டை ஒன்றை எடுத்து நீட்டினான். கம்பெனிப் பிரதிநிதி. கம்பெனியின் பெயரைப் படித்தாள்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது.

காரணம் இருந்தது. அவள் பல் மருத்துவ மேற்படிப்பில் கடைசி ஆண்டு. ரூட் கெனால் சிகிச்சைதான் அவள் பிரிவு. பல் வேருக்குள் நூல் நுழைகிற அளவுக்கு ஒரு குழல் ஓடும். மோட்டாரில் சுழலும் மெல்லிய ஊசியை விட்டு அதைச் சுத்தம் செய்து அகலப்படுத்த வேண்டும். அந்த ஊசிக்குத்தான் ரோட்டரி ஃபைல் என்று பெயர். வேர் நேராக இருந்தால் தொல்லையில்லை. வளைந்திருந்தால், ஃபைல் தன் இயல்புக்கு நேராகவே போகப் பார்க்கும். வளைவின் வெளிச்சுவரைச் சுரண்டிவிடும். வளைவை வளைவாகவே விட்டு வைக்கும் ஃபைல் எது? இரண்டு கம்பெனிகளின் ஃபைல்கள், ஆளுக்கு இருபது பற்கள், முன்னும் பின்னும் ஸ்கேன். இதுதான் அவள் ஆய்வு.

அந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று, ஈர அட்டையில் இருந்தது.

"நன்றி சார். நான் உங்ககிட்ட பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஜாடியை அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

"பேசிட்டுத்தானே பேசக் கூடாதுங்கிறீங்க!" என்ற குரல் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் போல இருந்தது... அது வேறு விஷயம்.

அவளுடைய துறைத் தலைவியும் ஆய்வு வழிகாட்டியும் ஒருவரே. அப்பாவின் சொந்தத் தங்கை. வீட்டில் அத்தை, கல்லூரி வாசலைத் தாண்டிவிட்டால் மேடம். அண்ணன் மகள் என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்பதற்காகவே மற்ற மாணவர்களை ஒரு முறை திட்டினால் இவளை மூன்று முறை திட்டுவார். கம்பெனி ஆட்கள் விஷயத்தில் அவருக்குத் தனிச் சட்டம் உண்டு. இரண்டாம் மாடி பெஞ்சு வரை வரலாம். மூன்றாம் மாடியில் இருக்கும் துறைக்குள் கால் வைக்கக் கூடாது.

ஆனால் எந்த ஃபைலையும் அதைச் செய்தவர்கள் சொல்லும் முறைப்படிதான் ஓட்ட வேண்டும். அதுதான் நியாயமான ஒப்பீடு. எனவே கம்பெனிக்கு ஒரு மணி நேரம் செய்முறை காட்ட அனுமதி கிடைத்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவன் வந்தான். ஒளி புகும் பிளாஸ்டிக் கட்டையில் வளைந்த குழல் ஒன்றை வைத்துக்கொண்டு, மோட்டாரை அமைப்பதிலிருந்து தொடங்கினான்.

"நிமிஷத்துக்கு ஐந்நூறு சுத்து. அழுத்தவே கூடாது. குருவி கொத்துற மாதிரி... தொட்டு எடுக்கணும், தொட்டு எடுக்கணும். வளைவு வந்தா ஃபைலே திரும்பிக்கும். நாம பிடிவாதம் பிடிக்கக் கூடாது."

பாதுகாப்புக் கண்ணாடிக்கு மேலே அவன் கண்கள் ஒரே ஒரு விநாடி அவளைத் தொட்டு எடுத்தன.

'ஃபைலைப் பாருடா...' என்று மனதுக்குள் அதட்டினாள். அவனையா, தன்னையா... தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினம் இரண்டு பற்கள். மோட்டாரில் ஒன்று, இரண்டு என்று பொத்தான்கள். ஒன்றாம் எண்ணில் அவன் கம்பெனி ஃபைலுக்கான ஐந்நூறு. இரண்டாம் எண்ணில் மற்ற கம்பெனி ஃபைலுக்கான முந்நூறு. அந்தச் செய்முறைக்கும் முன்பே அவள் கையால் பதிந்து வைத்தவை. பொத்தானை அழுத்துவாள், வேலையைத் தொடங்குவாள். எந்தப் பல்லில் எந்த ஃபைல் போனது என்று தெரியாத இன்னொரு மருத்துவர் ஸ்கேனை அளந்து எண்களைத் தருவார்.

லிஃப்ட் இருந்தும் அவள் படியில் ஏறத் தொடங்கியது எந்த வாரம் என்று அவளுக்கே நினைவில்லை. இரண்டாம் மாடி பெஞ்சில் செவ்வாயும் வெள்ளியும் அவன் இருப்பான்.

"வணக்கம் டாக்டர். பேசக் கூடாதுன்னு தெரியும். அதனால நான் மட்டும் பேசறேன். மழை வரும் போல இருக்கு."

"..."

"ஆமாங்க, குடை கொண்டு வந்திருக்கேன். கேட்டதுக்கு நன்றி."

மூன்றாம் மாடி போய்ச் சேரும்வரை அவளுக்குக் கன்னம் வலிக்கும். சிரிப்பை அடக்கிய வலி.

நாற்பது பற்களும் முடிந்தன. இரண்டாம் மாடி அரங்கில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் எண்களைத் திரையில் போட்டாள். அவன் கம்பெனி ஃபைல் வளைவை அப்படியே காப்பாற்றியிருந்தது. மற்றது வேரின் கடைசி மூன்று மில்லிமீட்டரில் வெளிச்சுவரைத் தாறுமாறாகச் சுரண்டியிருந்தது. கைத்தட்டல். கடைசி வரிசையில் அவனுடைய மேனேஜர், இதைத் துண்டுப் பிரசுரமாக அடிக்க வேண்டும் என்று அவன் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குள் ஒரு குதூகலம். அடுத்த கணம் திடுக்கென்றது. 'யார் ஜெயிச்சதுக்கு நான் சந்தோஷப்படறேன்?'

இரண்டு நாள் கழித்து, அவன் கம்பெனியில் வாங்கிய மோட்டாரின் பேட்டரியை மாற்ற அவனுக்கு அனுமதி கிடைத்தது. ஐந்து நிமிட வேலை. பேட்டரியைப் போட்டான், முதல் பொத்தானை அழுத்திப் பார்த்தான், இரண்டாவதை அழுத்தினான்... கை நின்றுவிட்டது.

"டாக்டர்... ரெண்டாம் நம்பர்ல எந்த ஃபைல் ஓட்டினீங்க?"

"மத்த கம்பெனி ஃபைல். ஏன்?"

"அதுக்கு எவ்வளவு வேகம்?"

"முந்நூறு. நானே பதிஞ்சு வெச்சேனே."

திரையை அவள் பக்கம் திருப்பினான். ஐந்நூறு.

"மோட்டாரை எப்படி அமைக்கிறதுன்னு காட்டினேன் இல்ல, அன்னிக்கு... ரெண்டாம் நம்பர்லதான் போட்டுக் காட்டினேன். திருப்பி மாத்த மறந்துட்டேன். தப்பு என்னோடது டாக்டர்."

இருபது பற்கள்... இருபதும் ஓட்டக் கூடாத வேகத்தில்! சுரண்டாமல் என்ன செய்யும்? பொத்தானின் எண்ணை நம்பி ஒரு முறைகூடத் திரையைப் பார்க்காதவள் அவள்தான். ஆனால் அந்தக் கோபம் தன் மேல் போகாமல் அவன் மேல் பாய்ந்தது.

"உங்க ஃபைல் ஜெயிக்கணும்னு வேணும்னே பண்ணீங்களா?"

"ஜெயிக்கணும்னா இப்ப வாயை மூடிக்கிட்டு பேட்டரியை மாத்திட்டுப் போயிருப்பேனே..."

சரிதான். நூற்றுக்கு நூறு சரி. அது தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

"போயிருக்கலாமே! ஆறு மாச உழைப்பு! இன்னும் பன்னெண்டு நாள்ல ஆய்வுப் புத்தகம் கொடுக்கணும். கொடுக்கலைன்னா எனக்கு ஒரு வருஷம் போகும், தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருக்க முடியல."

வாசலில் அத்தை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ...

"டாக்டர், பொய்யான எண்ணை வெச்சு புத்தகம் போடறதா உத்தேசமா?"

"இல்ல மேடம்."

"அப்போ இருபது பல்லு. புதுசா, அதே வளைவுல. பன்னெண்டு நாள்." அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். இனிமே இந்தக் கட்டடத்துப் பக்கம் வராதீங்க. பெஞ்சுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். 'திரும்பிப் பார்ப்பானா?' பார்த்தான். இவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வளைந்த வேருள்ள கடைவாய்ப் பற்கள் இருபது... கடையிலா கிடைக்கும்? நாற்பதைச் சேர்க்கவே ஐந்து மாதம் ஆகியிருந்தது. தெரிந்த கிளினிக்குகளுக்கெல்லாம் போன் செய்தாள். இரண்டு கிடைத்தன. ஒன்றின் வேர் குச்சி மாதிரி நேர்.

மூன்றாம் நாள் காவலாளி ஒரு ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியின் மேல் ஏதோ கிளினிக்கின் முத்திரை. கூடவே மடித்த காகிதம்.

"டாக்டருக்கு, இதில் பதினான்கு பற்கள். நான் எதையும் பார்த்துப் பொறுக்கவில்லை. கிளினிக்கில் இருந்தவை அத்தனையும் அவர்களே போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். நான் தேர்ந்தெடுத்தால் மற்ற கம்பெனிக்குக் கஷ்டமான வேரைக் கொடுத்தான் என்று யாரும் சொல்லலாம். வளைவை நீங்களே அளந்து எடுத்துக்கொள்ளவும்."

கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை.

அத்தை காகிதத்தை வாங்கிப் படித்தார். "ஆள் எப்படியோ... எழுத்துல ஒழுங்கு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் இன்னொரு ஜாடி. அடுத்த நாள் இரண்டு. ஐந்தாம் நாள், அந்தப் பதினேழு படிக்கட்டு கிளினிக்கின் வரவேற்பு அக்கா போன் செய்தார்.

"என்னம்மா நடக்குது? அந்தக் கம்பெனித் தம்பி நாலஞ்சு நாளா எங்கேயும் ஆர்டரே கேக்கறதில்லையாம். ஊர்ல ஒரு கிளினிக் விடாம ஏறி இறங்கி, பிடுங்கின பல்லு இருக்கா, பிடுங்கின பல்லு இருக்கான்னு கேக்குதாம். மேனேஜர் போன்ல கத்தறாரு, இங்க வரைக்கும் கேக்குது. பல்லுப் பைத்தியம் பிடிச்சிருச்சோ?"

"இல்லக்கா..." என்றாள். "அவர் நல்லாத்தான் இருக்கார்."

மொத்தம் அறுபத்து மூன்று பற்கள் வந்தன. அளந்ததில் இருபத்திரண்டு தேறின. இருபதை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் திரையைப் பார்த்து, "முந்நூறு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் காலை பெடலில் வைத்தாள். தொட்டு எடுத்து... தொட்டு எடுத்து... கை தன் வேலையைச் செய்தது. மனம் இரண்டாம் மாடிக் காலி பெஞ்சில் போய்ப் போய் உட்கார்ந்தது.

பதினொன்றாம் நாள் எண்கள் வந்தன. கூட்டினாள், வகுத்தாள், புள்ளிவிவர சாரிடம் காட்டினாள். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லையேம்மா. ரெண்டு ஃபைலும் சமம்."

இத்தனை கூத்துக்கும் இதுதான் பதில்! ஆனால் அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையான பதில். யாரும் விரல் நீட்ட முடியாத பதில்.

கடைசி நாள். நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களும் அச்சாகி வந்துவிட்டன. கையெழுத்துப் போட ஒரே ஒரு படிவம் பாக்கி. 'ஒப்பிடப்பட்ட நிறுவனங்களுடனோ, அவற்றைச் சேர்ந்தவர்களுடனோ ஆய்வாளருக்கு ஏதேனும் தொடர்பு உண்டா? இல்லை எனில் கையெழுத்திடுக. உண்டு எனில் விவரம் எழுதுக.' எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போடும் காகிதம்.

பேனாவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

'தொடர்பா? என்ன தொடர்பு? ஒரு வார்த்தை பேசி பதினோரு நாள் ஆச்சு...'

வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். அவனே அப்படிப் போகவில்லை. அவள் மட்டும் எப்படிப் போவாள்?

எழுதினாள். நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். எழுதிய சூட்டோடு போய் அத்தையின் மேசையில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தை உரக்கவே படித்தார். "'ஆய்வு நடந்துகொண்டிருந்தபோது, ஒப்பிடப்பட்ட இரு நிறுவனங்களில் ஒன்றின் பிரதிநிதியை எனக்குப் பிடித்துவிட்டது. அளவெடுத்தவருக்கு இது தெரியாது. பிரதிநிதிக்கும் தெரியாது. முடிவுகளில் இதனால் பாதிப்பு இல்லை. எனக்கு இருக்கிறது.'"

படிவத்தை மேசையில் வைத்தார்.

"கடைசி வரி ஆய்வுக்குத் தேவையில்லை. அடிச்சிடு."

"சரி மேடம்."

"'பிரதிநிதிக்கும் தெரியாது'ன்னு எழுதியிருக்கியே, அது எத்தனை நாளைக்கு உண்மையா இருக்கும்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நாளைக்கு அவனுக்குத் தெரிஞ்சா, நீ இன்னிக்குக் கொடுத்த புத்தகத்துல ஒரு வரி பொய்யாயிடும். என் கையெழுத்து போற புத்தகத்துல அதெல்லாம் ஆகாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படித் துடைத்தால் அவர் சிரிப்பை மறைக்கிறார் என்று அர்த்தம். "போய் அந்த வரியைச் சரி பண்ணிட்டு வா. நாலு மணிக்குள்ள."

"அத்தை...!"

"காலேஜ்ல மேடம்."

மூன்று மாடியையும் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. வெளியே மழை. கேட்டுக்கு எதிரே வண்டிகள் நிறுத்தும் ஓட்டைக் கூரைக் கொட்டகையில் அவன் நின்றிருந்தான். கட்டடத்துப் பக்கம் வரக் கூடாது என்றால் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம். சொன்ன சொல்லை மீறாமலே அங்கே இருந்தான்.

படிவத்தை வெள்ளைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

"டாக்டர்! நனையறீங்க... முடிவு என்னாச்சு?"

"சமம்."

"அப்பாடா..." என்றான், உண்மையாகவே.

"உங்க மேனேஜர் உங்களைக் கொல்லப் போறார்."

"ஏற்கெனவே கொன்னுட்டார். இப்ப நீங்க பார்க்கிறது மிச்சம்."

படிவத்தை எடுத்து நீட்டினாள். அவன் படித்தான். முதலில் வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு மறுபடி முதலிலிருந்து... காதுமடல் வரை சிவந்துபோனான். ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு கண்ணுக்குள் வந்துவிட்டது.

"ஒரு சந்தேகம் டாக்டர். எங்க கம்பெனில இந்தப் பகுதிக்கு ரெண்டு பிரதிநிதிங்க. இன்னொருத்தருக்குப் பேரன் பிறந்தாச்சு. விவரம் தெளிவா இல்லையே?"

"தெளிவாவே சொல்றேன்" என்றாள். மழை நெற்றியில் வழிந்தது. துடைக்கவில்லை. "உங்களைத்தான். உண்மையைச் சொல்லிட்டு, திட்டும் வாங்கிக்கிட்டு, ஊர் முழுக்கப் பல்லு பொறுக்கின உங்களைத்தான். எனக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. போதுமா?"

எப்போதும் இருவருக்கும் சேர்த்துப் பேசுகிறவனுக்கு, முதல் முறையாக ஒரு வார்த்தையும் வரவில்லை.

"பதில் சொல்லுங்க. நாலு மணிக்குள்ள வேணும்."

"பேனா இருக்கா?"

கொடுத்தாள். தன் பையை மேசையாக்கி, 'பிரதிநிதிக்கும் தெரியாது' என்ற வரியை ஒரே கோடாக அடித்தான். அதற்கு மேல், சிறிய ஒழுங்கான எழுத்தில் ஏதோ எழுதினான். ஓரத்தில் கையெழுத்துப் போட்டான். தேதியும் போட்டான். காகிதத்தின் மேல் மழை படாமல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் கூரையாக்கிப் பிடித்துக்கொண்டு அவளிடம் காட்டினான்.

அந்தக் கைகளுக்கு அடியில் தலையை நுழைத்துப் படித்தாள்.

'பிரதிநிதிக்கும் அவரைப் பிடிக்கும். ஆய்வு தொடங்குவதற்கு முன்பிருந்தே.'